நாற்காலி யாருக்கு, தரை யாருக்கு: தீன் தயாள் ஸ்டூடியோவின் தர்பார் படங்கள்

செகந்திராபாத் லாலா தீன் தயாள் ஸ்டூடியோவின் குழுப்படம் ஒன்று கையில் கிடைத்தால் முகங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கால்களைப் பாருங்கள். கம்பளத்தின் மேல் பூட்ஸ் காலோடு உட்கார்ந்திருப்பவர் யார், கம்பளத்தின் ஓரத்தில் வெறுங்காலோடு நிற்பவர் யார், கம்பளத்துக்கு வெளியே மண்ணில் நிற்பவர் யார் என்று எண்ணினாலே ஒரு சமஸ்தானத்தின் படிநிலை பாதி விளங்கிவிடும். மீதி கைகளில் இருக்கிறது. வாளின் மேல் ஊன்றிய கை ஒன்று, நாற்காலிக் கைப்பிடியில் ஓய்வாகக் கிடக்கும் கை ஒன்று, வயிற்றின் மேல் கட்டிய கை ஒன்று. இதெல்லாம் தற்செயலாக அமைந்ததல்ல. ஸ்டூடியோ விற்ற சரக்கே இந்த ஒழுங்குதான்.

இன்று இந்தப் படங்கள் மூன்று வழியில் கிடைக்கின்றன: ஏலத்திலும் பழம்பொருள் கடைகளிலும் வரும் அசல் அச்சுகள், ஆவணக் காப்பகங்களில் இருக்கும் கண்ணாடி நெகட்டிவ்கள், புதிதாக அச்சிட்டு விற்கும் நகல்கள். மூன்றையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. தொழில் சுத்தம் என்று பார்த்தால் அந்தக் காலத்து இந்திய ஸ்டூடியோக்களில் இதற்கு மேல் போனவை மிகக் குறைவு. ஆனால் அந்தச் சுத்தத்தாலேயே படத்திலிருந்து சில விஷயங்கள் காணாமல் போயிருக்கின்றன. வாங்குகிறவர் இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. தீன் தயாள் 1844-இல் மீரட்டுக்கு அருகே சர்தனாவில் பிறந்தவர். ரூர்க்கியில் பொறியியல் படித்து இந்தூரில் பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்தவர். 1870களின் நடுவில் கேமராவைக் கையில் எடுத்தார். ஹைதராபாத்தின் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக்காரரானார். ‘ராஜா முஸவ்விர் ஜங் பகதூர்’ என்ற பட்டம் நிஜாம் கொடுத்தது. 1896-இல் பம்பாயிலும் கடை திறந்தார், 1897-இல் விக்டோரியா ராணியின் அரச அங்கீகாரம் வந்தது, 1905-இல் காலமானார். வரைபடம் போட்டுப் பழகிய கை என்பது படங்களில் தெரிகிறது. தூண்கள் சாயாது, அடிவானம் கோணாது, கூட்டத்தின் நடுக்கோடு அரசரின் மூக்கைத் தொட்டுச் செல்லும்.

இனி அமைப்புக்கு வருவோம். பெரிய குழுப்படத்தில் முன்வரிசை நடுவில் நாற்காலி. அதில் அரசரும் தலைமை விருந்தாளியும். அவர்களிலிருந்து இரு பக்கமும் விலக விலகப் பதவி இறங்கும். பின்வரிசையில் நிற்பவர்கள் அதிகாரிகளும் உறவினரும். தரையில் சம்மணமிட்டிருப்பவர்கள் பிள்ளைகளாகவோ இளையவர்களாகவோ இருப்பார்கள். இரண்டு ஓரங்களிலும் சாமரம், குடை, ஹுக்கா, வெள்ளித்தடி பிடித்தவர்கள். நாற்காலி சாதாரண மரச்சாமானாக இல்லாத காலம் அது. வடக்கே ‘குர்சி நஷீன்’ என்று, வெள்ளைக்கார அதிகாரி முன் நாற்காலியில் உட்காரும் தகுதியையே எழுதிக் கொடுத்துச் சான்றிதழாக வைத்துக்கொண்ட வழக்கம் உண்டு. அப்படிப்பட்ட சமூகத்தில் கேமரா முன் யாருக்கு நாற்காலி போடுவது என்பது புகைப்படக்காரர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும் காரியமல்ல. அவர் கையில் இருந்தது தூரமும் வெளிச்சமும் ஃபோகஸும்தான். அந்த மூன்றிலும் அவர் சாமர்த்தியசாலி.

ஃபோகஸ் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் யார் தெளிவாக விழுகிறார், யார் மங்குகிறார் என்பது இங்கேதான் முடிவாகிறது. படம் பதியும் கண்ணாடித் தட்டு 10-க்கு 12 அங்குலம் என்றால் அதற்கு ஏறத்தாழ 450 மில்லிமீட்டர் லென்ஸ் தேவை. எட்டு மீட்டர் தூரத்தில் நிற்கும் கூட்டத்தை லென்ஸ் துளையை எஃப்/11 அளவில் வைத்து (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) எடுத்தால் முன்னும் பின்னுமாக ஒன்றரை மீட்டருக்குள்தான் கூர்மை கிடைக்கும். நான்கு வரிசைக் கூட்டத்துக்கு அது போதாது. துளையை எஃப்/22-க்குச் சுருக்கினால் கூர்மையின் ஆழம் இரு மடங்காகும், ஆனால் நேரம் நான்கு மடங்கு நீளும். ஷாமியானா நிழலில் அந்தக் காலத்துத் தட்டுக்கு ஒரு நொடி, இரண்டு நொடி என்று போய்விடும். அத்தனை நேரம் எல்லோரும் அசையாமல் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அது எளிது, முதுகும் கையும் தாங்கலில் இருக்கின்றன. சாமரத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பவருக்குக் கை நடுங்கும். ஆகவே கூர்மை முதல் வரிசைக்கு, மங்கல் கடைசி வரிசைக்கு. சமூகம் போட்ட வரிசையையே இயற்பியலும் வழிமொழிந்துவிடுகிறது.

லென்ஸின் பங்கும் உண்டு. 1840-இல் வந்த பெட்ஸ்வால் போர்ட்ரெயிட் லென்ஸ் வேகமானது. நடுவில் ஊசிமுனைக் கூர்மை, ஓரத்துக்குப் போகப் போகக் குழைவு. ஒற்றை ஆள் படத்துக்கு அது வரம், கூட்டத்துக்கு வினை. 1866-இல் வந்த ரேபிட் ரெக்டிலீனியர் வகை லென்ஸ்கள் ஓரத்தை ஓரளவு காப்பாற்றின. ஓரம் குழையும் லென்ஸை வைத்துக்கொண்டு கூட்டத்தை எடுக்க ஒரு பழைய உபாயம்: நாற்காலிகளை நேர்கோட்டில் போடாமல், இரு முனைகளும் கேமரா பக்கம் சற்று முன்னால் வரும்படி வில்போல வளைத்துப் போடுவது. இப்படி வளைத்த படங்களில் ஓரத்து ஆட்கள் கேமராவுக்கு நெருங்கியதால் அரசரைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியவும் வாய்ப்புண்டு. அதைச் சரிக்கட்ட அரசரின் நாற்காலியை ஒரு மேடைப் பலகைமேல் ஏற்றினால் போதும். கம்பளம் நடுவில் லேசாக மேடிட்டிருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள்.

நிறம் அடுத்த சூழ்ச்சி. அந்தக் காலத்துத் தட்டுகளுக்கு நீலமும் ஊதாவும் மட்டுமே நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியவே தெரியாது. 1880களில் பச்சை, மஞ்சள் வரை உணரும் தட்டுகள் வரத் தொடங்கின என்றாலும் சிவப்பு கடைசிவரை கருப்புதான். இதன் விளைவைத் தெரியாமல் படத்தைப் படித்தால் ஏமாந்துபோவோம். குங்குமச் சிவப்புத் தலைப்பாகை கரியாகத் தெரியும். வெற்றிலை போட்ட உதடு கறுத்திருக்கும், மருதாணி இட்ட விரல் மசியில் தோய்ந்ததுபோல் இருக்கும். மாணிக்கம் கருப்புக் கல். தங்கச் சரிகை வெளிச்சம் பட்டு மின்னும் இடம் தவிர மற்ற இடத்தில் மந்தமாகிவிடும். முத்து மட்டும் வெள்ளை வெளேரென்று விழும். தர்பார் படங்களில் முத்துச் சரங்கள் கண்ணைப் பறிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஹைதராபாத் தர்பார் உடையில் இடுப்பில் கட்டும் ‘பக்லஸ்’ நேரில் பொன்னாக மின்னியிருக்கும். அச்சில் பல சமயம் தோல்வார்போல் கிடக்கும். தோலின் நிறமும் அப்படியே. மாநிறம் அசலைவிட இரண்டு படி கறுத்து விழும்.

கறுத்து விழுந்ததை வாடிக்கையாளர் ஏற்பாரா? அதற்குத்தான் ரீடச்சிங் மேஜை. நெகட்டிவின் மேல் ஒட்டும் பசை போன்ற ஒரு மெருகைத் தடவி, கூராகச் சீவிய பென்சிலால் முகப் பகுதியில் புள்ளி புள்ளியாக ஈயம் ஏற்றுவார்கள். நெகட்டிவில் அடர்த்தி கூடினால் அச்சில் அந்த இடம் வெளுக்கும். அம்மைத்தழும்பு, கண்ணடிக் கருவளையம், நெற்றிச் சுருக்கம் எல்லாம் போய்விடும். அளவாகச் செய்தால் தெரியாது. அளவு மீறினால் முகம் மெழுகுபொம்மை. இந்த வேலைக்குக் கூலி உண்டு, நேரம் உண்டு. ஆகவே அது நாற்காலிக்காரர்களுக்கு மட்டும். ஒரே அச்சில் நடு முகம் வழவழப்பாகவும் ஓரத்துச் சேவகரின் முகம் சுருக்கமும் வியர்வையுமாகவும் இருந்தால் பென்சில் எதுவரை போய் நின்றது என்பது தெரியும். குறையைச் சொல்ல வேண்டுமென்றால் இங்கேதான் முதல் குறை. இந்தப் படங்களில் உயிருள்ள முகம் வேண்டுமானால் பணம் கொடுக்காதவர்களிடம்தான் தேட வேண்டும்.

இரண்டாவது குறை, ஸ்டூடியோ உள்ளறைப் படங்களில் அலுப்பு. வர்ணம் தீட்டிய பின்திரை, செதுக்கு வேலை நாற்காலி, சிறு மேஜை, அதன்மேல் புத்தகமோ பூச்சாடியோ. லண்டனிலும் கல்கத்தாவிலும் இதே சாமான்கள்தான். நிஜாம் நாட்டு ஜாகிர்தாரும் வெள்ளைக்கார கேப்டனும் ஒரே சாடியின் மேல் கை வைத்து நிற்பது பார்க்க வேடிக்கைதான். அதையே பத்துப் படங்களில் பார்த்தால் சலித்துவிடும். நின்ற கோலப் படங்களில் குதிகாலுக்குப் பின்னால் இரும்புப் பாதம் ஒன்று எட்டிப் பார்த்தால் அது தலைதாங்கி. கழுத்துக்குப் பின்னால் கவட்டை வைத்து ஆளை அசையாமல் நிறுத்தும் கருவி. விறைப்பை ராஜகம்பீரம் என்று எழுதிவிடுகிறவர்கள் அந்த இரும்புப் பாதத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம்.

இந்த ஸ்டூடியோவின் துணிச்சலான சேவை என்று ஒன்றைச் சொல்லலாம் என்றால் 1892-இல் ஹைதராபாத்தில் திறந்த ஜனானா ஸ்டூடியோதான் (ஜனானா என்றால் அந்தப்புரம்). பர்தா அனுசரிக்கும் பெண்களுக்காக உயரச் சுவர் எழுப்பி, திருமதி கென்னி-லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் பொறுப்பில் பெண்களே நடத்திய கூடம். வியாபாரக் கணக்கு இதில் இல்லாமல் இல்லை, சந்தையில் பாதி மூடிக் கிடந்தது. ஆனால் அங்கே எடுத்த படங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருந்துவிட வேண்டியவை. அதனால் இந்தச் சேவையின் தரத்தை மதிப்பிட அசல்கள் எளிதில் கிடைப்பதில்லை. ‘ஜனானாப் படம்’ என்று சந்தைக்கு வரும் ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு பாருங்கள். நடனக் கலைஞர்களின் படங்களையும் அந்தப் பெயரில் தள்ளிவிடுவது பழைய தந்திரம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஜெய்ப்பூர் நல்ல இடம். அங்கே 1880-இல் இறந்த மகாராஜா சவாய் ராம்சிங்கே கேமராவைப் பிடித்தார். ஈரக் கொலோடியன் காலம் அது; கொலோடியன் என்பது தட்டில் படலமாகப் படியும் பிசுபிசுப்பான திரவம். கண்ணாடித் தட்டில் கொலோடியனை ஊற்றி நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, வெள்ளி நைட்ரேட் தொட்டியில் சில நிமிடம் மூழ்கவைத்து, ஈரம் காயும் முன் படம் எடுத்து, ஈரம் காயும் முன்பே இருட்டறையில் கழுவிவிட வேண்டும். கையில் இருப்பது பத்து நிமிடத்துக்கு மேல் போகாது, ராஜஸ்தான் வெயிலில் அதுவும் குறையும். அரண்மனைப் பெண்களை அவர் பின்திரைக்கு முன் கம்பளம் விரித்து உட்காரவைத்து எடுத்தார். பட்டத்து ராணிகள் அல்ல, பர்தாயத், பாஸ்வான் என்ற நிலையில் இருந்த அரசரின் ஆசைநாயகியர். யாரைப் படம் எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது என்பதிலேயே படிநிலை வந்துவிடுகிறது. தொழில் சுத்தத்தில் இவை தீன் தயாளுக்கு நிகரில்லை. தட்டின் ஓரத்தில் ரசாயனம் வழிந்த அலைக்கோடு, கட்டைவிரல் பிடித்த இடத்தில் வெற்றுக் கண்ணாடி, பின்திரை முடிந்து சுவர் தெரிவது எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் கேமராவைப் பார்க்கும் பார்வை, காசு வாங்கிக்கொண்டு எடுத்த படத்தில் கிடைக்காதது. இரண்டில் ஒன்றைத்தான் சுவரில் மாட்டலாம் என்றால் ஜெய்ப்பூர்.

அசல் அச்சு வாங்கப் போகிறவர்களுக்கு இனி. 1890கள் வரையிலான பெரும்பாலான அச்சுகள் ஆல்புமின் தாள், அதாவது உப்புக் கலந்த முட்டை வெள்ளைக்கருவைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் மிதக்கவிட்டு, நெகட்டிவோடு சேர்த்து வெயிலில் வைத்து எடுத்தது. பெரிதாக்கும் வேலை இல்லை. தட்டின் அளவுதான் அச்சின் அளவு. தங்கக் குளோரைடில் தோய்த்த நல்ல அச்சு கத்தரிப்பூ சாயல் கொண்ட பழுப்பாக இருக்கும். பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் மெல்லிய பளபளப்புக்கு அடியில் தாளின் நார் தெரியும். நார் தெரியாமல் வழவழவென்று வெள்ளை அடுக்கு மறைத்தால் அது பிற்கால ஜெலட்டின் தாள். ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அச்சகத்தில் அடித்தது. மூன்று நான்கு நிறத்தில் தெளித்த புள்ளிகள் தெரிந்தால் நேற்று இன்க்ஜெட்டில் எடுத்துப் பழைய அட்டையில் ஒட்டியது.

தாள் மிக மெல்லியது, அட்டையில் ஒட்டாவிட்டால் சுருண்டுகொள்ளும். ஆகவே அட்டை இல்லாத அச்சு ஆல்பத்திலிருந்து பிய்த்ததாக இருக்கலாம். அந்தக் காலத்தில் வழக்கத்தில் இருந்த இரண்டு புகைப்பட அட்டைகளில், சிறியதான கார்ட்-டி-விசிட் அட்டை 2½-க்கு 4 அங்குலம், பெரியதான கேபினெட் அட்டை 4¼-க்கு 6½. இந்த அளவுகளில் கணிசமாக விலகினால் யாரோ ஓரம் வெட்டியிருக்கிறார்கள். சட்டத்துக்குள் அடங்கவேண்டும் என்று வெட்டும்போது முதலில் போவது சாமரம் பிடித்தவரின் தோள்தான். எண்ணும் பெயரும் நெகட்டிவிலேயே எழுதி அச்சில் விழுந்திருந்தால் நல்லது, அட்டையின் முத்திரையைவிட அது நம்பகமானது. முத்திரை உள்ள வெற்று அட்டையில் வேறு படத்தை ஒட்டிவிட முடியும்.

கெடுதல்களில் பொறுத்துக்கொள்ளக்கூடியது, கூடாதது என்று இரண்டு வகை. வெளிச்சப் பகுதி மஞ்சளாவது ஆல்புமினின் இயல்பு, முட்டைப் புரதம் வயதாவதால் வருவது. பொறுத்துக்கொள்ளலாம். ஓரத்திலிருந்து உள்ளே பரவும் வெளிறல் வேறு. படத்தை நிலைநிறுத்தப் பயன்படும் ஹைப்போ என்ற ரசாயனத்தைச் சரியாகக் கழுவாமல் விட்டதாலோ அட்டை, காற்று, ஈரம் மூலம் கந்தகமோ அமிலமோ புகுந்ததாலோ வருவது, நிற்காது. மென்மையான சாயல்கள்தான் முதலில் கரையும். வெள்ளை உடையின் மடிப்பு, வெளிச்சம் பட்ட முகம், தூரத்தில் நிற்பவர். வாங்கிய பிறகு தண்ணீரில் நனைத்துச் சுத்தம் செய்ய நினைக்காதீர்கள். வெள்ளைக்கரு அடுக்கும் தாளும் வெவ்வேறு அளவில் உப்பிச் சுருங்கி, மேற்பரப்பு முழுவதும் முடி போன்ற விரிசல் விழும். பிவிசி உறையில் போடாதீர்கள். பாலியெஸ்டர் உறையும் அமிலமற்ற அட்டையும் போதும். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள், காட்சிக்கு வைத்தால் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம்.

நகல் அச்சு விற்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்ததா, பழைய அச்சிலிருந்தா? டெல்லியில் இந்திராகாந்தி தேசியக் கலை மையம் 1989-இல் இந்த ஸ்டூடியோவின் 2,857 கண்ணாடி நெகட்டிவ்களை வாங்கியது. அச்சில் வெட்டுப்பட்ட ஓரம் கண்ணாடியில் இருக்கும். பென்சில் வேலையும் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் பளபளவென்று தெரியும். 10-க்கு 12 தட்டை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 6000-க்கு 7200 புள்ளிகள் கிடைக்கும். அதை 20-க்கு 24 அங்குலம் வரை தயக்கமில்லாமல் அச்சிடலாம். கேபினெட் அட்டையின் அச்சை அதே அளவுக்கு ஊதிப் பெருக்கி விற்றால் கிடைப்பது குழம்பிய முகங்கள்.

கடையில் கிடைக்கும் நகல்களில் பெரும்பாலானவை இரண்டு இடத்தில் கோட்டை விடுகின்றன. ஒன்று, ‘பழமை’ காட்ட எல்லாவற்றுக்கும் ஒரே தேநீர்ப் பழுப்பு. அசலின் கத்தரிப்பூ நிழலும் மஞ்சள் வெளிச்சமும் சேர்ந்த இரட்டைச் சாயல் அதில் வராது. ஸ்கேனையே கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டால் பிறகு திருத்தவும் முடியாது, 16 பிட் வண்ணத்தில் எடுத்திருக்க வேண்டும். இன்னொன்று, கணினி மென்பொருளால் முகங்களைக் கூர்மையாக்குவது. மங்கிய பின்வரிசை முகத்துக்கு மென்பொருள் புதிதாகக் கண்ணும் பல்லும் வரைந்து வைக்கிறது. அசலில் இரண்டு நொடி அசைந்து கரைந்த ஒரு மனிதருக்கு யாரோ ஒருவரின் முகம் பொருத்தப்படுகிறது. அந்த நகலை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கடைசியாகத் தலைப்புகள். 1902 ஏப்ரலில் வாரங்கல் மாவட்டம் நெக்கொண்டா முகாமில் வைஸ்ராய் கர்சன் பிரபுவும் அவர் மனைவியும் வேட்டையாடிய புலியோடு இருக்கும் படம் இந்த ஸ்டூடியோவின் பேர்போன படங்களில் ஒன்று. தலைப்பில் அந்த இருவர், முகாம், முதல் நாள் வேட்டை எல்லாம் உண்டு. காட்டை வளைத்துப் புலியை விரட்டி வந்தவர்கள் யார் என்பது கிடையாது. குழுப்படங்களிலும் இதே கதைதான், நாற்காலிக்குப் பெயர், நிற்பவருக்குப் பதவி, ஓரத்தாருக்கு ஒன்றுமில்லை. ஆகவே அட்டையின் பின்பக்கத்தைப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். உருதுவிலோ தெலுங்கிலோ பென்சிலால் கிறுக்கிய ஒரு வரி சில சமயம் இருக்கும். விற்பவர் அழுக்கு என்று ரப்பரால் அழித்துவிடுவதற்குள் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால், அழித்த பிறகும் பென்சில் அழுத்திய பள்ளம் தெரியும்.